கீழ்ப்பல்லுக் குறடு

“ஆயுதப் பெட்டியக் காலால தள்றீங்களே ஆசானே, அது பாவம் இல்லையா?”

இருளப்பன் ஆறு மாசமா மனசுக்குள்ளயே வெச்சிருந்த கேள்வி. அன்னைக்குக் கேட்டுட்டாரு.

வேம்பு திரும்பிப் பாக்கல. சொம்புல உப்புத்தண்ணி ஊத்தி வெச்சாங்க. கையக் கழுவினாங்க.

“அடுத்த ஆள வரச் சொல்லுங்கண்ணே.”

அவ்வளவுதான் பதில்.

*

வேம்புக்கு முப்பது வயசு. அந்தத் துறைமுகத்துக்கே பல்லு எடுக்கறவங்க அவங்கதான்.

இருளப்பனுக்கு நாப்பத்தஞ்சு. அவங்ககிட்ட தொழில் கத்துக்க வந்தவரு.

ஆமா, சரியாத்தான் படிக்கிறீங்க. இங்க குரு சின்னவங்க, சீடர் பெரியவர். அதனால குரு சீடர ‘அண்ணே’ம்பாங்க. சீடர் குருவ ‘ஆசானே’ம்பாரு. அதுவரைக்கும் அந்த ஊர்ல ஒரு பொம்பளைய யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல. இருளப்பன் கூப்பிட்டாரு. யாரும் சிரிக்கல. ஏன்னா சிரிக்கற வாயி எல்லாத்துலயும் வேம்பு எடுத்த பல்லோட ஓட்டை ஒண்ணு இருந்துச்சு.

பாய்மரக் கப்பல் வந்துபோன காலம். உப்புக் கிட்டங்கிச் சுவரோரமா மணல்ல ஒரு முக்காலி. அதுல உக்காரணும், தலைய அண்ணாந்து வாயத் தொறக்கணும்.

மயக்க மருந்தெல்லாம் அப்ப கிடையாது. கிராம்பு எண்ணெய், உப்புத்தண்ணி, வேம்போட கை. இந்த மூணுதான்.

திருவிழாவுல பல்லு எடுக்க வர்ற மத்தவங்க ஒரு மேளக்காரரையும் கூட்டிக்கிட்டு வருவாங்க. எடுக்கற நேரம் பாத்து அவரு அடிக்கற அடியில, முக்காலியில இருக்கறவன் கத்தறது வரிசையில நிக்கறவன் காதுல விழாது. நல்ல யோசனைதான். வேம்புக்கும் அதையே யாரோ சொன்னாங்க.

“மேளம் அடிச்சா எனக்கு எப்படிக் கேக்கும்?” அப்படின்னு கேட்டுட்டு வேலையப் பாத்தாங்களாம்.

*

இப்ப அந்தப் பெட்டி.

தேக்குப் பெட்டி. தொறந்தா கண்ண எடுக்க முடியாது. உள்ள நாலு வகை.

மொதல்ல குறடுங்க. மேல்பல்லுக்கு ஒண்ணு, நேரா இருக்கும். கீழ்ப்பல்லுக்கு ஒண்ணு, அதோட மூக்கு கிளி மூக்கு மாதிரி கீழ்ப்பக்கமா வளைஞ்சிருக்கும். வாய்க்குள்ள போயி கீழ பாத்து எறங்கணும்ல, அதுக்காக. இன்னைக்கு நீங்க எந்தப் பல் டாக்டர்கிட்ட போயி அந்தத் தட்ட எட்டிப் பாத்தாலும் அதே வளைவு இருக்கும். எவனோ ஒரு கொல்லன் நெருப்புக்கு முன்னாடி நின்னு, ஒரு வாய மனசுல நெனச்சு வளைச்ச வளைவு அது.

ரெண்டாவது, ஆட்டுக்குளம்பு. நெம்பறதுக்கு. முனை ஆட்டுக் குளம்பு மாதிரியே ரெண்டா பொளந்திருக்கும். பல்லு ஒடஞ்சு வேரு மட்டும் உள்ள தங்கிப்போச்சுன்னா இதுதான் கதி.

மூணாவது, தட்டுக்கம்பி. சுண்டுவிரல் நீளம்தான். பல்லத் தட்டிப் பாக்க.

நாலாவது, சாவி. நெசமாவே கதவுச் சாவி மாதிரி ஒரு இரும்பு. எலும்புல கைப்பிடி, நுனியில ஒரு கொக்கி. கொக்கியப் பல்லுல மாட்டி, பூட்டத் தொறக்கற மாதிரி திருகணும். பல்லு பொரண்டு வரும். கொஞ்சம் தப்பினா தாடையும் சேந்து வரும்.

அந்தச் சாவி வேம்புக்கு வந்த கதை தனி. வெளிநாட்டுக் கப்பல்ல வந்த வைத்தியர் ஒருத்தர், ஒரு கையில சாவியும் ஒரு கையில வீங்கின கன்னமுமா கரையில எறங்கினாரு. கப்பல்ல அத்தன பேருக்கும் பல்லு எடுத்தவர். தன் பல்ல மட்டும் எடுத்துக்க முடியல. வேம்புகிட்ட சாவிய நீட்டுனாரு. வேம்பு அதத் திருப்பித் திருப்பிப் பாத்து அழகா இருக்குன்னு சொல்லிட்டு, கீழ வெச்சிட்டு, குறட்டால எடுத்துட்டாங்க.

வைத்தியரு ரொம்ப நேரம் அந்தக் குறட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. போகும்போது சாவிய முக்காலி மேல வெச்சிட்டுப் போயிட்டாரு.

*

இருளப்பன் ஓடாவி. அதாவது கப்பல் தச்சர். பழைய கப்பலப் பிரிக்கும்போது பலகையில துருப்பிடிச்சுக் கெடக்கற ஆணியப் புடுங்கறதுல அவர அடிச்சுக்க ஆள் இல்ல. முழங்கை நீளத்து ஆணிகூட அவரு இழுத்தா வரும்.

அவரு பொண்டாட்டி சடைச்சிக்குக் கடவாப் பல்லு வலிச்சுது. இத்தன ஆணி புடுங்கற கைக்கு ஒரு பல்லு எம்மாத்திரம்னு, ஆணிக்குறட்ட எடுத்து இழுத்தாரு.

பாதிப் பல்லு வந்துச்சு.

மீதி உள்ளயே இருந்துச்சு. சடைச்சிக்கு ஒரு மாசம் கஞ்சிதான். வாயத் தொறக்க முடியாட்டியும் பேச மட்டும் முடிஞ்சுது. அவரப் பத்தித்தான் பேசுச்சு.

கடைசியில வேம்புகிட்ட வந்தாங்க. ஆட்டுக்குளம்பு உள்ள போனது தெரியும். ஒரு தடவ மூச்ச இழுத்து விடற நேரம். வேரு வெளிய இருந்துச்சு.

இருளப்பன் அந்த ஒடஞ்ச பாதியத் துணியில முடிஞ்சு கொண்டுவந்திருந்தாரு. வேம்பு அத வாங்கி, வேரு மேல வெச்சுப் பொருத்தி, ஒரு முழுப் பல்லா அவரு உள்ளங்கையில வெச்சாங்க. திட்டல.

மறுநா காலையில இருளப்பன் வந்து பெட்டியத் தூக்கினாரு.

சடைச்சி சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்.

“வேரோட ஒரு முழுப் பல்லு எடுத்து என் கண்ணுல காட்டு. அதுவரைக்கும் நீ எனக்கு ஆணி புடுங்கறவன்தான்.”

ஆறு மாசம் ஆச்சு. வேம்பு அவரக் குறட்டக் கழுவச் சொன்னாங்க, தண்ணி காய வைக்கச் சொன்னாங்க, தலையப் புடிச்சுக்கச் சொன்னாங்க. ஒரு பல்லையும் தொட விடல.

*

ஒருநா பொறுக்க முடியாம கேட்டாரு.

“எங்கையில இருக்கற பலத்துல பாதிகூட உங்க கையில இல்ல. உங்களுக்கு முழுசா வருது. எனக்கு ஏன் ஒடஞ்சுது?”

வேம்பு கரையப் பாத்தாங்க. ஈர மணல்ல ஒரு முளைக்கட்டை. தோணி கட்டறதுக்கு அடிச்சது.

“அதப் புடுங்கிட்டு வாங்கண்ணே.”

இருளப்பன் போனாரு. கட்டையோட தலையில உள்ளங்கைய வெச்சு ஒரு அழுத்து அழுத்தினாரு. அப்பறம் இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு மெதுவா ஆட்டினாரு. மணல் வாயத் தொறந்துச்சு. ரெண்டு விரலால எடுத்து வந்து நீட்டுனாரு.

“எடுத்தாச்சு. இப்ப சொல்லுங்க.”

வேம்பு கட்டைய வாங்கி அடுப்புல சொருகிட்டாங்க.

இருளப்பன் அடுப்பையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்பறம்தான், அழுத்தி ஆட்டின தன்னோட ரெண்டு கையையும் பாத்தாரு.

*

அவருக்குப் புடிபடாதது ரெண்டு இருந்துச்சு.

ஒண்ணு, வேம்பு எந்தப் பல்ல எடுக்கறாங்கன்றது.

ஆளு வந்து உக்காந்து ஒரு பல்லக் காட்டும். வேம்பு அந்தப் பல்லத் தட்டுவாங்க. பக்கத்துப் பல்லத் தட்டுவாங்க. மேல தட்டுவாங்க, கீழ தட்டுவாங்க. பாதி நேரம் காட்டின பல்லையேதான் எடுப்பாங்க. மீதி நேரம் வேற ஒண்ண எடுத்துருவாங்க. ஆளு சண்டைக்கு வரும். நல்ல பல்லப் புடுங்கிட்டாங்கன்னு கரை முழுக்கக் கத்திக்கிட்டுப் போகும். மறுநா அதே ஆளு ரெண்டு மீனோட வந்து, வலி போயிருச்சும்மான்னு தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கும்.

எப்படித் தெரியுதுன்னு இருளப்பன் கேட்டாரு.

“அவங்களே சொல்றாங்கண்ணே.”

“அவங்க வேற பல்ல இல்ல காட்டினாங்க?”

“ஆமா.”

அதோட முடிஞ்சுது அந்தப் பேச்சு.

ரெண்டாவது, பெட்டி.

இருளப்பன் தச்சரு. காலையில உளியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்காம வேலைய ஆரம்பிச்சதில்ல. அவருக்கு ஆயுதம்னா சாமி. அதனால பெட்டியக் கொண்டுவந்து முக்காலிக்கு நேர் முன்னாடி, வந்து உக்காந்திருக்கறவங்க காலடிய ஒட்டி, மரியாதையா வெப்பாரு. மூடியத் தொறந்து விடுவாரு. எடுக்கவும் வசதி.

வேம்புக்கு ஒரு கையில தாடை, ஒரு கையில தட்டுக்கம்பி. கால நீட்டிப் பெட்டிய அந்தாண்ட தள்ளி விட்டுருவாங்க.

இருளப்பன் பதறிப்போயி பெட்டியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாரு.

அடுத்த ஆளு வரும். மறுபடி அங்கயே வெப்பாரு. மறுபடி தள்ளுவாங்க.

பெட்டிக்கு அடியில துணி விரிச்சுப் பாத்தாரு. துணியோட தள்ளினாங்க. மூடி மேல ஒரு செவ்வந்திப் பூவ வெச்சுப் பாத்தாரு. பூவோட தள்ளினாங்க.

வேம்புக்குப் பக்தி இல்லையோன்னும் நெனச்சாரு. அப்படியும் சொல்ல முடியல. ஆயுத பூஜை அன்னைக்கு ஒவ்வொண்ணுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு விழுந்து கும்புட்டவங்க அவங்க. மத்தியானம் மீன்காரம்மா ஒருத்தங்க கன்னத்தப் புடிச்சுக்கிட்டு வந்ததும், குறட்டுல இருந்த குங்குமத்த முந்தானையால தொடச்சிட்டு வேலைய ஆரம்பிச்சவங்களும் அவங்கதான்.

அதனாலதான் ஆறு மாசம் கழிச்சு அந்தக் கேள்வியக் கேட்டாரு. பதில்தான் உங்களுக்குத் தெரியுமே.

*

அதுக்கு அடுத்த வாரம் வேம்பு சாப்பிடல.

மொத நா இருளப்பன் கவனிக்கல. ரெண்டாவது நா கவனிச்சாரு. மூணாவது நா காலையில ஒரு வலைக்காரர் வந்து முக்காலியில உக்காந்தாரு. வேம்பு குறட்ட எடுத்தாங்க. குறட்டத் திருப்பிப் பெட்டியில வெச்சிட்டு, நாளைக்கு வாங்கன்னு சொல்லி அவர அனுப்பிட்டாங்க.

வேம்பு ஒரு ஆளத் திருப்பி அனுப்பினத அந்தக் கரை அதுவரைக்கும் பாத்ததில்ல.

நெத்தியத் தொட்டா காய்ச்சல். பல்லு எடுக்கறவங்களுக்கே பல்லு வலி.

பல்லு எடுக்கறவங்க அடுத்து இருக்கற ஊரு தோணியில மூணு நாள் பயணம். காத்து எதிர்க்காத்து.

வேம்பு முக்காலியில உக்காந்தாங்க.

“அண்ணே. நீங்க எடுங்க.”

ஆறு மாசமா அந்த வார்த்தைக்காகத்தான் இருளப்பன் காத்துக்கிட்டு இருந்தாரு. வந்ததும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவ கையக் கழுவினாரு.

கஞ்சி கொண்டுவந்திருந்த சடைச்சியப் பின்னாடி நின்னு தலையப் புடிச்சுக்கச் சொன்னாங்க. சடைச்சி வேம்போட தலையத் தன் வயித்தோட சாச்சுப் புடிச்சுக்கிட்டு, புருசனப் பாத்துச்சு.

“ஒடச்சின்னு வெச்சுக்க, வீட்டுப் பக்கம் வராத.”

வேம்பு வலது பக்கம் விரல வெச்சுக் காட்டினாங்க.

“மேல் கடவா. கடைசிக்கு முந்தினது. மூணு நாளா அங்கதான் குத்துது.”

இருளப்பன் பாத்தாரு. மேல அந்தப் பல்லுல கருப்பா ஒரு குழி. சந்தேகமே இல்ல. அதுக்கு நேர் கீழ இருக்கற பல்லு முத்து மாதிரி இருந்துச்சு.

பெட்டியக் கொண்டுவந்து வழக்கம்போல முக்காலிக்கு முன்னாடி வெச்சாரு. தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. இடது கையில தாடையப் புடிச்சாரு. வலது கையில தட்டுக்கம்பி.

மேல் பல்லத் தட்டினாரு. முகத்தப் பாத்தாரு. வேம்பு முகம் கல்லு மாதிரி இருந்துச்சு. வலி தாங்கற முகம் அது. அதுல ஒண்ணும் தெரியல.

பக்கத்துப் பல்லத் தட்டினாரு. கல்லு.

கீழ தட்டறதுக்குக் குனிஞ்சாரு. பெட்டி முழங்கால்ல இடிச்சுது. கிட்ட போக முடியல. ரெண்டு கையிலயும் வேலை.

கால நீட்டிப் பெட்டிய அந்தாண்ட தள்ளினாரு.

தள்ளின பெறகுதான் தான் என்ன செஞ்சோம்னே அவருக்கு ஒறச்சுது. பதறிப்போயி கீழ பாத்தாரு.

பெட்டி இருந்த எடத்துல, ஈர மணல்ல, வேம்போட ரெண்டு காலு.

ஆறு மாசமா அந்த எடத்துல பெட்டியத்தான் பாத்திருக்காரு.

இருளப்பன் கண்ண அங்கயே வெச்சுக்கிட்டு, கம்பிய மட்டும் தூக்கினாரு. மேல் பல்லத் தட்டினாரு. காலு சும்மா இருந்துச்சு. இன்னொரு தடவ தட்டினாரு. சும்மா இருந்துச்சு.

கீழ் பல்லத் தட்டினாரு.

கட்டைவிரல் மடங்கி மணலுக்குள்ள போச்சு.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவ. மறுபடி மடங்குச்சு.

வேம்பு ஆகாயத்தப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. தலைய அண்ணாந்தவங்களுக்குத் தன் காலு தெரியாது.

இருளப்பன் பெட்டியில கைய விட்டாரு. கிளி மூக்குக் குறட்ட எடுத்தாரு.

வேம்பு கண்ண உருட்டிப் பாத்தாங்க.

“அது கீழ்ப்பல்லுக் குறடு.”

“தெரியும் ஆசானே.”

“மேலன்னு சொன்னேன்.”

“சொன்னீங்க.”

சடைச்சிக்கு முகம் வெளுத்துப்போச்சு. ஊருக்கே பல்லு எடுக்கற மகராசிக்குத் தெரியாதது ஆணி புடுங்கறவனுக்குத் தெரியுமாக்கும்னு முணுமுணுத்துச்சு. மேல அவ்வளவு பெரிய குழி இருக்கும்போது முத்து மாதிரி பல்லுல கைய வெக்கிறியேன்னு கேட்டுச்சு. இருளப்பன் அந்தப் பக்கமே திரும்பல.

வேம்பு அவர் மணிக்கட்டப் புடிச்சுட்டாங்க. காய்ச்சல் கையி, நெருப்பா சுட்டுச்சு.

“அண்ணே. அது நல்ல பல்லு.”

இருளப்பன் அந்தக் கையப் பாத்தாரு. அந்தக் கையி எத்தனையோ நல்ல பல்ல எடுக்கறத அவரு பாத்திருக்காரு. மறுநா மீனு வர்றதையும் பாத்திருக்காரு.

“நாளைக்கு நான் மீனோட வந்து நிக்கணுமா, நீங்க நிக்கணுமான்னு பாத்துருவோம்” அப்படின்னாரு.

வேம்பு கைய எடுத்துட்டாங்க. கண்ண மூடினாங்க.

*

குறடு பல்லக் கவ்வுச்சு.

அவரு இழுக்கல. அழுத்தினாரு. கீழ, வேரு பக்கமா. அப்பறம் கன்னத்துப் பக்கம் கொஞ்சம், நாக்குப் பக்கம் கொஞ்சம். ஈர மணல்ல முளைக்கட்டைய ஆட்டற மாதிரி. அவசரம் இல்லாம.

சடைச்சி சாமி பேரச் சொல்ல ஆரம்பிச்சுது. இருளப்பன் பேசாதன்னு கண்ணக் காட்டினாரு.

கேட்டுச்சு. தண்ணியில நனஞ்ச கயிறு முடிச்சு விடற மாதிரி ஒரு சின்ன சத்தம். மேளம் இருந்திருந்தா கேட்டிருக்காது.

ரெண்டு விரலு பலம்தான் போட்டாரு.

பல்லு வெளிய வந்துச்சு. முழுசா. ரெண்டு வேரோட.

அவரு அதத் திருப்பிப் பாத்தாரு. மேல முத்து. பின்னாடி, அடுத்த பல்ல ஒட்டி யாருக்கும் தெரியாத பக்கத்துல, மொளகு அளவுக்கு ஒரு ஓட்டை. வேரு நுனியில சின்னதா ஒரு சீழ்ப் பை தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

சடைச்சி எட்டிப் பாத்துச்சு. வேர ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுச்சு.

இருளப்பன் அந்தப் பல்ல அதுகிட்ட காட்டணும்னு நெனச்சதையே மறந்துபோயி, வேம்பு காலடியில மணல்ல உக்காந்துட்டாரு.

“ஆசானே. எனக்குக் கண்ணு தொறக்குதான்னு பாக்கத்தானே மேலன்னு காட்டினீங்க?”

வேம்பு சொம்ப எடுத்தாங்க. உப்புத்தண்ணி விட்டுக் கொப்பளிச்சாங்க. செவப்பா ஒரு வாய் துப்பினாங்க. அந்தப் பல்ல வாங்கிப் பாத்தாங்க. மேல் கடவாய நாக்கால தடவிப் பாத்தாங்க.

“இல்லண்ணே” அப்படின்னாங்க. “மேலதான் வலிச்சுது.”